கடைசித் தட்டில் ஒரு ஜோடி

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பகுதிக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீராவியும், சோப்பு வாசனையும், தலைமுடியில் வெள்ளையாய்ப் படிகிற பஞ்சுத் துகளும்தான். நடுவில் ஒரு லாரி நீளத்துக்கு உருளை இஸ்திரி இயந்திரம். பிழிந்து வருகிற ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஓங்கி ஒரு உதறு உதறி, ஒரே நொடியில் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு கை முந்தினாலும் போச்சு. விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய், கிழவன் முகம் மாதிரி சுருக்கத்தோடு மறுபக்கம் வெளியே வரும். மறுபடியும் தொட்டிக்குப் போக வேண்டியதுதான்.

வலது முனையைப் பிடிப்பவன் நெட்டை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். வாய் அதைவிட நீளம். இடது முனைக்காரனுக்கு அங்கே வைத்த பெயர் 'மடிப்பு'. துவைக்கிற வேலைக்கே இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"டேய் மடிப்பு, காலுறைக்குமாடா இஸ்திரி போடுவே?" என்று நெட்டை தினமும் கேட்பான்.

"பாக்கறவங்க மதிக்கணும்ல?"

"இங்க உன்னப் பாக்கறது நானும் இந்த உருளையும்தான். உருளைக்குக் கண்ணு இல்ல. எனக்கு மனசு இல்ல."

கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகியும் மடிப்புக்கு அந்த 'மதிக்கணும்' என்ற சொல்லை விட முடியவில்லை. அந்தச் சொல்லுக்காக அவன் ஒரு பொய்யும் சொல்லி வைத்திருந்தான். ஊரில் ஒரே சொந்தம் அக்காதான் என்று எல்லோருக்கும் தெரியும். "அக்கா என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால், "பிரார்த்தனை மண்டபத்துல ஆபீஸ் நிர்வாகம்" என்பான். கண்ணிமைக்காமல் சொல்வான்.

மண்டபம் என்பது உண்மை. நிர்வாகம் என்பதுதான் பொய். அவனுடைய அக்கா அந்த மண்டபத்தின் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவள்.

பத்தொன்பது வயதில், அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், ஏழு வயதுத் தம்பியை இடுப்பில் தூக்க முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றவள். பெருக்குகிற வேலை கேட்டாள். செருப்பு பார்க்கிற வேலை கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு, ஐந்து தட்டு கொண்ட இரும்பு அலமாரி, ஒரு முக்காலி. அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். கல்யாணம் அவளைத் தேடி இரண்டு முறை வந்தது. "தம்பி படிக்கட்டும்" என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை அது வரவில்லை.

மற்ற இடங்களில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பார்கள். அக்காவிடம் டோக்கன் கிடையாது. வருகிறவரின் காலைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள், செருப்பை வாங்கித் தட்டில் வைப்பாள். ஒன்றின்மேல் ஒன்றாக எறிய மாட்டாள். ஒவ்வொரு ஜோடியையும் முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்து, "போயிட்டு வாங்க" என்பாள். பிரார்த்தனை முடிந்து கூட்டம் வழியும்போது, அவர் கேட்பதற்கு முன்னால் அவருடைய ஜோடி அவர் காலடியில் இருக்கும். ஊர் முழுக்க அவளுக்கு ஒரே பெயர்: செருப்பக்கா.

அந்தப் பெயர்தான் தம்பிக்கு முள்ளாய்க் குத்தியது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு வரன் கூடி வந்தது. பெண்ணின் அம்மா ஊருக்குப் போன் போட்டு விசாரித்தபோது அக்கா வெள்ளந்தியாய், "வாசல்ல செருப்பு பாத்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டாள். நிர்வாகம் என்று சொன்ன தம்பியின் சாயம் ஒரு நொடியில் வெளுத்தது. வரன் கலைந்தது. அன்றைக்கு அவன் போனில் கத்தினான்.

"உன்னால என் மானமே போச்சு! ஊரான் செருப்பக் கட்டிக்கிட்டு அழறியே, அத விட்டுட்டு வேற வேல பாத்தா செத்தா போயிடுவே?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டாள். அவன் போனை வைத்தான். அதன்பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தப் பதினோரு மாதமும் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் தலையில் வந்து விழுந்தது.

கேன்டீன் டிவியில் எப்போதும் ஓடுவது விளையாட்டுதான். அன்றைக்கு யாரோ செய்திக்கு மாற்றியிருந்தார்கள். சத்தம் குறைவாக இருந்தது. மடிப்பு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நிமிர்ந்தான். திரையில் புகை. புகைக்கு நடுவே ஒரு வளைவு. அக்காவின் மண்டபத்து வாசல் வளைவு. அதன் அடியில் உட்கார்ந்துதான் அவன் வாய்ப்பாடு படித்தான்.

காலைப் பிரார்த்தனை நேரத்தில் தீவிரவாதத் தாக்குதல். உள்ளே நுழைந்த ஒருவன் தன்னோடு சேர்த்துக் குண்டை வெடிக்க வைத்துவிட்டான். பலர் இறந்திருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது.

அவன் கையிலிருந்த பொட்டலம் தரையில் விழுந்தது.

"என்னடா ஆச்சு?" என்று நெட்டை தோளைப் பிடித்தான்.

"எங்க அக்கா..." என்றான்.

போனை எடுத்தான். பதினோரு மாதமாய்த் தொடாத எண். தொடர்பு இல்லை. மறுபடி, மறுபடி. அந்தப் பகுதி முழுவதும் போன் இணைப்பைத் துண்டித்துவிட்டதாக டிவி சொன்னது. அவன் விடவில்லை. விரல் தேயத் தேய அழுத்தினான். ஒவ்வொரு முறையும் ஒரு பெண்குரல் மரியாதையாக அவனை மறுத்தது. 'செத்தா போயிடுவே, செத்தா போயிடுவே' என்று அவன் சொன்ன சொல்லே அவன் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தச் சொல்லை எப்படியாவது திரும்ப வாங்க வேண்டும். அதை வாங்கிக்கொள்ள அக்கா உயிரோடு இருக்க வேண்டும். உலகத்தில் அவனுக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மேற்பார்வை பார்க்கிற அம்மா, "நீ ரூமுக்குப் போப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"வேண்டாம்மா. ரூம்ல சுவரு மட்டும்தான் இருக்கு. இங்கயே நிக்கறேன்."

நின்றான். ஆனால் விரிப்பு விரிப்பாகத் தெரியவில்லை. வெள்ளைத் துணி ஒவ்வொன்றும் உதறி விரியும்போது, அதன் அடியில் யாரோ படுத்திருப்பது போலத் தோன்றியது. அன்றைக்கு மட்டும் பதினேழு விரிப்புகள் கோணிக்கொண்டு போயின. நெட்டை கோணிய விரிப்புகளைத் தானே சுமந்துகொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். நெட்டை ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தது அந்தச் சலவைப் பகுதியின் சரித்திரத்திலேயே முதல் தடவை.

மாலை ஷிப்ட் முடிகிற நேரத்தில் நெட்டை தன் போனை நீட்டினான். "செய்தியில புதுசா படம் போட்டிருக்காங்க. பாக்கறியா, வேண்டாமா?"

வாங்கிப் பார்த்தான். போலீஸ் நாடா கட்டிய வாசல். பின்னால் விரிசல் விட்ட சுவர். சாய்ப்பின் தகரக் கூரை பிய்ந்து தரையில் கிடந்தது. முன்னால் அந்த இரும்பு அலமாரி. தட்டுக்குத் தட்டு செருப்புகள். 'வராத கால்களுக்காகக் காத்திருக்கும் செருப்புகள்' என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்.

அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். கடைசித் தட்டு. இடது மூலை. நீல வார் ரப்பர் செருப்பு. வலது செருப்பில், விரலிடுக்கு வார் நுழைகிற இடத்தில் ஒரு செம்புக்கம்பி முறுக்கு.

அந்த முறுக்கைப் போட்டவன் அவனேதான். வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, பஸ்சைப் பிடிக்க அவனோடு ஓடி வந்தபோது அக்காவின் செருப்பு வார் பிய்ந்தது. பெட்டியைக் கட்டியிருந்த கம்பியில் ஒரு துண்டை முறித்து, குனிந்து, அவள் காலடியில் உட்கார்ந்து முறுக்கி விட்டான். "அங்க போனதும் புதுசு அனுப்பறேன்கா" என்றான். அனுப்பினான்தான். ஆனால் அக்கா காலில் இன்றுவரை அந்தக் கம்பிச் செருப்புதான் கிடந்திருக்கிறது.

அது வராத கால்களின் வரிசையில் நின்றது.

"போயிட்டா" என்றான். குரலில் ஈரமே இல்லை. "உள்ள போயிருக்கா. செருப்ப விட்டுட்டு உள்ள போயிருக்கா. போயிட்டா நெட்டை."

அப்படியே விரிப்பு வண்டியின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் கொட்டினான். நிர்வாகம் என்று சொன்ன பொய்யை, கலைந்த வரனை, கத்திய கத்தலை. "செருப்பு காக்கறவடா எங்க அக்கா. அதச் சொல்ல எனக்கு வெக்கம். அவ காத்த செருப்புலதான் நான் வளந்தேன். பதினோரு மாசம் போன் எடுக்கல. நான்தான்டா அவளக் கொன்னேன்."

நெட்டை கேட்டுக்கொண்டே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"டேய், ஒண்ணு கேக்கட்டா? திட்டாதே."

"கேளு."

"இது குண்டு வெடிச்ச பிறகு எடுத்த படம்தானே?"

"பாத்தாத் தெரியலயா? கூரையே கீழ கிடக்கு."

"அதான் கேக்கறேன். கூரையே பிச்சுக்கிட்டு வந்திருக்கு. செவுரு வாய் பொளந்திருக்கு. இந்தச் செருப்பு மட்டும் எப்படிடா இவ்வளவு ஒழுங்கா நிக்குது? நீ போடற மடிப்பு மாதிரி நிக்குது."

மடிப்பு படத்தைப் பிடுங்கினான்.

ஒவ்வொரு ஜோடியும் ஒட்டிச் சேர்ந்து, முனை தெருவைப் பார்த்து நின்றது. ஒன்றுகூடப் பின்னால் திரும்பவில்லை. ஒன்றின்மேல் ஒன்று இல்லை. அலமாரியின் ஒரு கால் வளைந்திருந்தது. அதற்கு யாரோ ஒரு செங்கல்லை அணை கொடுத்திருந்தார்கள். வெடிப்பில் விழுந்த அலமாரியை யாரோ நிமிர்த்தி, சிதறிய செருப்புகளை யாரோ பொறுக்கி, ஜோடி சேர்த்து, தூசி தட்டி, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள். யாரோ. உலகத்தில் அப்படி வைக்கிறவர் எத்தனை பேர்?

"அப்போ உங்க அக்கா செருப்பு மட்டும் ஏன்டா அங்க நிக்குது?" என்றான் நெட்டை, தானும் குழம்பிப்போய். "சாதாரணமா அவங்க எப்போ செருப்பு போடுவாங்க?"

அந்தக் கேள்வியில் ஒரு பழைய மழை நாள் அவன் கண்முன் வந்து நின்றது.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பசியோடு சாய்ப்பில் உட்கார்ந்திருந்தான். கூட்டமெல்லாம் போய்விட்டது. அலமாரியில் ஒரு ஜோடி மட்டும் மீதி. எப்போதும் எதையாவது நினைத்துக்கொண்டு நடக்கிற ஒரு தையல்காரர் வெறுங்காலோடு வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா அந்த ஜோடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் வெறுங்காலோடு அவர் வீட்டுக்குப் போனாள். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்புறம்தான் கடைசித் தட்டிலிருந்து தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன்னோடதப் போட்டுக்கிட்டே போயிருக்கலாம்ல? லூசாக்கா நீ?" என்று சீறினான் அவன்.

அக்கா சிரித்தாள். "அடுத்தவங்க செருப்பு நிக்கும்போது என் செருப்பு நடக்கக் கூடாது கண்ணு."

சாய்ப்பில் அது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். அலமாரியில் ஒரு ஜோடி மீந்தாலும் அவள் வெறுங்கால்தான்.

இதை மறந்துவிட்டானே! அவளுடைய செருப்பைப் பார்த்து அவள் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டினானே! யார் வேண்டுமானாலும் அப்படி நினைத்திருக்கலாம், அவள் வளர்த்த தம்பி நினைக்கலாமா? அந்த நீலச் செருப்பு நின்றதே அவள் வேலையில் இருக்கிறாள் என்பதற்குச் சாட்சி.

"இருக்கா" என்றான். எழுந்து நின்றான். "நெட்டை, எங்க அக்கா இருக்காடா! அவ இன்னும் வேலையில இருக்கா!"

மூன்றாம் நாள் காலை, இயந்திரம் சூடேறிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், அவசரமாக.

"ஹலோ, நான் இங்க ஆம்புலன்ஸ்ல வர்ற நர்ஸ் பேசறேன். இப்பதான் லைன் வந்துச்சு. நீங்க செருப்பக்காவோட தம்பிங்களா?"

ஆறு வருஷமாக அவன் ஒளித்து வைத்த பெயர். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவன் தொண்டையைத் திறந்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னான்:

"ஆமாங்க! செருப்பக்கா தம்பிதாங்க நான்! அக்கா இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க. அழாதீங்க. காலுல கண்ணாடி ஏறியிருக்கு, ஒரு காது கேக்கல. கட்டுப் போடணும்னு கெஞ்சறேன், மூணு நாளா இந்த அலமாரிய விட்டு அசைய மாட்டேங்கறாங்க. ஏங்க, இவங்க எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தாங்க" என்று அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

அலமாரிப் பக்கத்திலேயே அக்காவுக்குக் கட்டுப் போட்டபடி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நர்ஸ் சொன்ன கதையை அவன் நின்ற இடத்திலேயே நின்று கேட்டான்.

வெடித்ததும் அக்கா தூக்கி எறியப்பட்டிருக்கிறாள். எழுந்தவள் ஓடியது வெளியே அல்ல, உள்ளே. உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு ஓடி, ஆம்புலன்ஸ் வருகிறவரை எத்தனை பேரை இழுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஆம்புலன்ஸ்கள் வந்தபின் வாசலுக்குத் திரும்பி, அலமாரியை நிமிர்த்தியிருக்கிறாள். உள்ளே இருந்தவர்கள் யார் யார், எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாமல் அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். வெளியே சொந்தக்காரர்களின் கூக்குரல். ஒரு அதிகாரி அக்காவைப் பார்த்து, "ஏம்மா, மனுஷன் உயிரு போகுது, செருப்ப அடுக்கிக்கிட்டு இருக்கே? நகரு!" என்று கத்தியிருக்கிறார்.

"அதுக்கு இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?" நர்சின் குரல் தாழ்ந்தது. "'ஐயா, உள்ள யாரு யாரு இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுதிக்குங்க'ன்னாங்க. மேல் தட்டுல ஆரம்பிச்சாங்க. இது பால்காரர் வீட்டு மருமக. இது மருந்துக்கடை அண்ணன். இது ரெட்டப் பொண்ணுங்க, பெரியவளுக்கு இடது கால் கொஞ்சம் பெருசு. ஒவ்வொரு செருப்பா தொட்டுத் தொட்டுச் சொல்றாங்க. இருநூத்திப் பதினாறு ஜோடிங்க. ஒரு சீட்டு கிடையாது, ஒரு எழுத்து கிடையாது. ஆஸ்பத்திரி லிஸ்ட் அது இதுன்னு எல்லாத்தையும் அப்புறம் ஒத்துப் பாத்தாங்க. ஒண்ணுகூடத் தப்பல. கத்தின அதிகாரி தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு. நான் பதினாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இந்த மாதிரி நான் பாத்ததில்ல."

மடிப்பு நிமிர்ந்து பார்த்தான். இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மேற்பார்வை அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

பிறகு அக்கா பேசினாள். புகையில் கரகரத்துப் போன குரல்.

"தம்பி..."

"அக்கா! அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது..."

"சத்தமாப் பேசு கண்ணு, ஒரு காது கேக்கல. சாப்பிட்டியா?"

பதினோரு மாதத்துக்கு முன் பதில் சொல்லாமல் விட்ட அதே கேள்வி. "சாப்பிட்டேன்கா" என்று அவன் கத்தினான். உண்மையில் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னத மறந்துடுக்கா. நாக்க அறுத்துப் போடலாம் போல இருக்கு."

"என்ன சொன்னே? செருப்பு காக்கறவன்னு சொன்னே. அதானே நான்? அதுல என்ன தப்பு?"

அவள் உண்மையாகவே கேட்டாள். அந்த இடத்தில்தான் அவன் வெட்கத்தால் சின்னவனாகிப் போனான்.

அன்று முதல் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காவின் போன் வரும். உயிர் தப்பி வெறுங்காலோடு ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தங்கள் ஜோடியை வாங்கிப் போனார்கள். அவர்களில் பலர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்களாம். காயம்பட்டவர்களின் ஜோடியை அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள், கதவைப் பார்க்கத் திருப்பி. இறந்தவர்களின் ஜோடியைத் துணியில் சுற்றி வீடு வீடாக எடுத்துப் போனாள். கட்டுப் போட்ட காலோடு, செருப்பில்லாமல்.

"அவங்க வீட்டுல என்னக்கா சொல்றாங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தம்பி. வாங்கி நெஞ்சோட வெச்சுக்குவாங்க. மருந்துக்கடை அண்ணன் சம்சாரம் மட்டும், 'வாசல்ல வெச்சுட்டுப் போக்கா, அவரு வந்து போட்டுப்பாரு'ன்னுச்சு. வெச்சுட்டு வந்தேன். வேற என்ன பண்றது?"

இன்னொரு நாள் அவளே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஒரு ஜோடிய போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவனோடது."

"எவனோடது?"

"வெடிச்சான்ல, அவனோடது. அவனும் கழட்டிட்டுத்தான் உள்ள போனான் தம்பி. இந்தக் கையாலதான் வாங்கினேன். புதுசு. தெருவப் பாக்கத் திருப்பி வெச்சேன். 'போயிட்டு வாப்பா'ன்னு சொன்னேன். அவன் என் முகத்தையே பாக்கல." மூச்சு வாங்கினாள். "நிமிந்து ஒரு தடவ பாத்திருந்தா திரும்பிப் போயிருப்பானோன்னு இருக்கு."

அவன் போனை இன்னும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

பதினைந்தாம் நாள் அக்காவின் குரலில் அசதி தெரிந்தது.

"ஒரே ஒரு ஜோடி மீதி இருக்கு தம்பி. பழுப்புத் தோல் செருப்பு, பெரிய கால். வெளியூர்க்காரரு போல. அன்னிக்குத்தான் முத தடவ வந்தாரு, பேரு தெரியாம 'வெளியூர்க்காரர்'னுதான் எழுதச் சொன்னேன். வலது பக்கம் சாஞ்சு நடப்பாரு, அடி தேஞ்சிருக்கு. 'வெயில் ஏறுதும்மா, நிழல்ல வை'ன்னு சொல்லிட்டுப் போனாரு. யாரும் தேடி வரல. ஊரே சேந்து அடக்கம் பண்ணிட்டாங்க. இவரு செருப்ப நான் யாருகிட்டத் தர்றது?"

"இன்னும் வெறுங்காலாத்தான் இருக்கியா?"

"வேற எப்படி இருப்பேன்? இது நிக்குதே."

"நர்சம்மா என்ன சொல்றாங்க?"

"புண்ணு சீழ் பிடிக்கும்னு திட்டறாங்க. நீயும் ஆரம்பிக்காதே."

கேன்டீனின் வெள்ளை மேசைமுன் அவன் உட்கார்ந்திருந்தான். எதிரில் நெட்டை வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அவனையே பார்த்தான். மடிப்புக்குத் தன் அக்காவைத் தெரியும். பெட்டியில் போட்டு வை என்றால் வைக்க மாட்டாள். தானம் கொடு என்றால் கொடுக்க மாட்டாள். யாராவது ஒரு ஆள் கையை நீட்டி, 'என்னுடையது' என்று வாங்கினால் ஒழிய அந்த அலமாரி காலியாகாது. அது காலியாகாதவரை அக்கா வீடு வரையிலும் அந்தப் புண்ணோடு வெறுங்காலில்தான் நடப்பாள்.

"அக்கா, அத என்கிட்டக் குடு."

"என்னது?"

"அந்த ஜோடிய நான் வாங்கிக்கறேன்."

"உன் காலுக்குச் சேராதுடா. பெரிய செருப்பு."

"போட்டுக்கவா கேக்கறேன்? வெச்சுக்கறதுக்குக்கா. வீட்டுல என் கட்டிலுக்குக் கீழ, நிழல்ல வை. அடுத்த மாசம் வர்றேன், லீவு எழுதிக் குடுத்தாச்சு. வந்து நானே தொடச்சு வெச்சுக்கறேன். என்னிக்காவது அவரத் தேடி யாராச்சும் வந்தாங்கன்னா, செருப்பக்கா தம்பிகிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லு."

மறுமுனையில் சத்தமே இல்லை. அன்றைக்குப் போலவே நீளமான மௌனம். ஆனால் இந்தத் தடவை அவன் போனை வைக்கவில்லை.

"தம்பி" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அப்படியே இரு. வெச்சுடாதே."

துணி சுற்றுகிற சரசரப்பு. இரும்புத் தட்டில் ஏதோ இலேசாக உரசியது. அக்கா குனிகிற மூச்சு. காலில் கட்டு இருக்கிறது, வார் நுழைய நேரமாகும். அவன் காத்திருந்தான். கேன்டீனின் சத்தம் எங்கோ தூரத்தில் இருந்தது.

டப்.

நின்றது. பிறகு இன்னொன்று. டப். ஒரு கால் அழுத்தமாய், மறுகால் நொண்டியபடி. இடையிடையே, கல்லில் கம்பி தட்டுகிற மெல்லிய ஒரு 'டிங்'.

சின்ன வயதில் தெருமுனையில் இந்தச் சத்தம் கேட்டதும் அவன் விளக்கை ஏற்றிக்கொண்டு கதவைத் திறப்பான். கடைசி ஜோடியும் போய்விட்டது, இனி சோறு உண்டு, அக்கா உண்டு என்று அதற்கு அர்த்தம்.

அவன் போனை மேசைமேல் வைத்து, ஒலியைப் பெரிதாக்கினான். நெட்டை குனிந்து காதைக் கொடுத்தான். பக்கத்து மேசைக்காரர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்னடா சத்தம் அது?" என்று நெட்டை ரகசியக் குரலில் கேட்டான்.

மடிப்பின் சட்டை முழுக்கக் கண்ணீர் விழுந்து கசங்கியிருந்தது. அவன் அதை நீவிவிடவில்லை.

"எங்க அக்கா வீட்டுக்கு வர்றா" என்றான்.